‘அம்’ போன அவசரம்

என் அப்பாவுக்கு இந்தி ரொம்பச் சுலபம். தமிழ்ச் சொல்லின் வாலில் இருக்கும் ‘அம்’மை நறுக்கிவிட்டால் இந்தி வந்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காரணம் காரண், சமயம் சமய், ஆரம்பம் ஆரம்ப். வங்கி வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து புனே வந்தவர், இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டே காய்கறிக்காரர் முதல் மேலதிகாரி வரை சமாளித்தார். அது ஒரே ஒரு முறைதான் அவரைக் கவிழ்த்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவ் சாலையில் இருந்த எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு மாநகராட்சித் தண்ணீர் நின்றுபோயிற்று. போர்வெல்லும் வெறும் காற்றைக் கக்கியது. கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டு ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்பா எழுந்து, “பானி கா பஹுத் அவசர் ஹை” என்றார். தண்ணீர் ரொம்ப அவசரம் என்று சொல்ல வந்தார், பாவம். இந்தியில் ‘அவசர்’ என்றால் நல்வாய்ப்பு. கூட்டமே குலுங்கிச் சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். மணலும் செங்கல்லும் சப்ளை செய்துகொண்டிருந்தார். எல்லோரும் அவரை ‘பாவு’ என்பார்கள், மராத்தியில் அண்ணன். சொசைட்டியில் அவருக்கு அதுவரை எந்தப் பொறுப்பும் கிடையாது. “காகா சரியாகத்தான் சொன்னார்” என்று, அப்பாவைச் சித்தப்பா முறை வைத்து, இந்தியில் சொல்லிவிட்டு வெளியே போனார். சாயங்காலம் இரண்டு டாங்கரோடு வந்தார்.

“எதுக்குட்டி எல்லாரும் சிரிச்சாவ?” என்று அப்பா வீட்டில் என்னைக் கேட்டார்.

“அவசர்னா சான்ஸ்ப்பா. தண்ணிக்கு நல்ல சான்ஸ் வந்திருக்குன்னு சொல்லிட்டீங்க.”

அடுத்த கூட்டத்தில் பாவு ஒன்றே ஒன்று கேட்டார். தண்ணீர் சரியாகும்வரை கமிட்டி வேண்டாம், தொட்டிச் சாவி தன்னிடம் இருக்கட்டும். எல்லாக் கைகளும் உயர்ந்தன, அப்பாவின் கையும்தான். பாவு கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டார். சொசைட்டியில் அவர் பக்கம் சேர்ந்த ஆட்கள் கையில் காவி நிறமும் இல்லாத சிவப்பும் இல்லாத ஏதோ ஒரு துணியைக் கட்டிக்கொண்டார்கள். விசில் ஊதினால் வாளிகள் வரிசையில் நின்றன. ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தள்ளிநின்று வழிவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். நான் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பால்கனியில் நின்று, ஒரு மனிதரின் விசிலுக்கு இத்தனை பேர் எப்படிக் கட்டுப்படுகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதே என் வேலை.

பிறகு வாளிகள் நிறைவது குறைந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம் பாவு கோபப்படவில்லை. “நீங்கள் யார் பக்கம்?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் ‘தண்ணீர்த் திருடர்கள்’ என்ற பேச்சு கிளம்பியது. யார் திருடர்? வாடகைக்கு இருப்பவர்கள்தான், வேறு யார்!

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு நர்ஸ் தன் சின்ன மகளோடு வாடகைக்கு இருந்தார். அவர் வேலை முடிந்து வருவதற்குள் விசில் ஓய்ந்துவிடும். அதனால் அம்மா எங்கள் பங்கிலிருந்து இரண்டு வாளி எடுத்து அவருடைய குளியலறை டிரம்மில் ஊற்றி வைப்பாள். பாவுவின் ஆட்கள் ஒருநாள் அந்த டிரம்மைக் கண்டுபிடித்தார்கள். அம்மா போய் உண்மையைச் சொன்னாள். “அக்கா, உங்கள் மனசு நல்ல மனசு, அந்த நர்ஸ் உங்களை ஏமாற்றிவிட்டாள்” என்று பாவு கைகூப்பினார். நர்ஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டது. மகளுக்கு அப்போதுதான் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. எல்லாம் தன்னால்தான் என்று அம்மா புலம்பினாள்.

மழை வந்தது. விசில் நிற்கவில்லை. வாளிகளும் பாதிதான் நிறைந்தன. கீழ்த்தொட்டியின் உபரிக் குழாய்க்கு அடியில் சுவர் பச்சைப்பசேலென்று பாசி பிடித்திருந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். மழைநீராக இருக்கும் என்று நினைத்து, மழை விட்ட ஒரு மதியம் கீழே போய்க் கையை நீட்டினேன். குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது! வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“நெசமாவாட்டி?” என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம். நர்ஸ் மாத முடிவுக்குள் போக வேண்டும் என்றார் பாவு. ஓட்டெடுக்கலாமே என்று பழைய செயலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஆபத்துக் காலத்தில் ஓட்டு எதற்கு?” என்றார் பாவு. தலைக்கு மேல் விமானப்படை விமானம் ஒன்று உறுமிக்கொண்டு போனது. எல்லோரும் வழக்கம்போல் வாயை மூடிக் காத்திருந்தார்கள். சத்தம் அடங்கியதும் அப்பா எழுந்து பாவுவைப் பார்த்தார். நர்ஸ் தூணருகே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“பானி கா அவசர் கதம். ஆப்கா அவசர் சாலு ஹை.”

தண்ணீரின் அவசரம் முடிந்துவிட்டது. உங்கள் வாய்ப்புதான் இன்னும் ஓடுகிறது. கூட்டம் சிரித்தது, காகா மறுபடியும் உளறிவிட்டார் என்று. அப்பா சுவரோரம் ஒழுகும் குழாயை நோக்கிக் கையைக் காட்டினார். “முதல் அவசர் தமிழ். இரண்டாவது சுத்தமான இந்தி” என்றார், அவருடைய இந்தியிலேயே.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். பாசி படிந்த சுவரை நோக்கித் தலைகள் திரும்பின. கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்று செயலாளர் இந்த முறை உரக்கவே சொன்னார். நர்ஸ் போக வேண்டும் என்பதற்கு உயர்ந்த கைகளில் பாதிக்கு மேல் துணி கட்டிய கைகள். அவை போதவில்லை. மகள் அந்தப் பள்ளியிலேயே படித்தாள்.

ஆனால் சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். வாளி நிறைந்தது, போதும் என்று இருந்துவிட்டார்களோ என்னவோ.

சில வருடம் கழித்து மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வாசல் சுவரில் பாவு டாங்கருக்கு முன்னால் நின்று சிரித்தார். வடக்கத்திக்காரர்களுக்காக இந்தியிலும் ஒரு சுவரொட்டி: ‘ஏக் அவசர் தீஜியே.’ ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு அப்பா வெட்டிப்போட்ட ‘அம்’மைத் தானே எடுத்து ஒட்டிக்கொண்டாள்.

“இவருக்கு இன்னும் அவசரம் தீரலியாக்கும்!”