மூன்று கூடைச் சோளம்

எங்களுக்கு நிலம் வந்தபோது எனக்கு ஐந்து வயது. அது எங்களுடையது இல்லை என்று பெரிய வீட்டார் கோர்ட்டுக்குப் போனபோது எட்டு. நடுவில் இருந்த வருசங்கள் எனக்கு ஒரே சாயங்காலமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. மஞ்சள் வெயில். அம்மா காரைமுள்ளை வெட்டிக் குவிக்கிறாள். அப்பா குனிந்து கல் பொறுக்குகிறார். பொறுக்கப் பொறுக்கக் கல் தீரவில்லை, வெயிலும் இறங்கவில்லை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் எல்லாரும் பெரிய வீட்டுப் பண்ணையில் ஏர் ஓட்டியவர்கள். சொந்தமாகக் கையகலம் மண் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கார் புறம்போக்கை ஒதுக்கிக் கொடுத்தபோது எங்களுக்கு விழுந்தது இரண்டு ஏக்கர், ஆடுகூட எட்டிப் பார்க்காத மூலை. மண்ணைக் கிளறினால் நத்தை மாதிரி, சிப்பி மாதிரி கல்லாகவே வரும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம், இப்போது படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் அந்தக் கல்நத்தைகளை வரப்பில் வரிசையாக வைத்து, எது முதலில் ஊரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெயிலில் கண் கூசும்போது ஒன்றிரண்டு ஊரத்தான் செய்தன.

மூன்றாம் வருசம் சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. அப்போதுதான் பெரிய வீட்டாருக்கு அது தங்கள் நிலம் என்று ஞாபகம் வந்தது.

அளந்தவர் தப்பாக அளந்துவிட்டார், அது தங்கள் பட்டாவில் சேர்ந்தது, அப்பா விளைச்சலில் பங்கு தருவதாகத் தங்களிடம் வாரத்துக்கு உழுகிறவர் என்று வழக்குப் போட்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன சாட்சியம் ஒன்றே ஒன்றுதான். விளைந்ததில் வருசம் தவறாமல் அவன் எங்களுக்குப் பங்கு கொண்டுவந்து கொடுக்கிறான், வேண்டுமானால் அவனையே கேளுங்கள் என்றார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. கதிர் அடித்ததும் முதல் கூடை மாரியம்மன் கோயிலுக்கு. இரண்டாவது பெரிய வீட்டுக்கு. மூன்றாவது, என்னைப் பிறக்க வைத்த மருத்துவச்சிக் கிழவிக்கு. முதல் வருசம் மொத்தம் விளைந்ததே ஏழு கூடை. அதிலும் இந்த மூன்று போனபிறகுதான் எங்கள் அடுப்பில் சோளம் வெந்தது. பெரிய வீட்டுக்கூடையைச் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டு நான் கொல்லைவாசலில் போய் நிற்பேன். அந்த வீட்டு அம்மா சோளப்பொரியும் வெல்லமும் கொண்டுவந்து, உயரத்திலிருந்து என் பாவாடை மடியில் போடுவார்கள். ஒரு பொரிகூடக் கீழே சிந்தாமல் பிடிப்பேன். அது எனக்கும் அவர்களுக்கும் நடுவே உள்ள ஒரு விளையாட்டு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

வழக்கு நடந்த காலத்திலும் அப்பா பெரிய வீட்டு ஏரைத்தான் ஓட்டினார். கோர்ட்டு வேறு, வேலை வேறு என்பது அவர் எண்ணம்.

சாட்சி சொல்கிற நாளில் விடிகாலையில் கிளம்பி அரியலூருக்கு நடந்தோம். எங்கள் வக்கீல் கோர்ட்டு வாசலிலேயே அப்பாவை நிறுத்தி, தானியம் கொடுத்தாயா என்று கேட்பார்கள், இல்லை என்று ஒரே சொல் சொல், நிலம் நிற்கும் என்றார். அப்பா தலையை ஆட்டினார். எனக்கோ அந்தக் கட்டடமே கனவில் வருகிற கோயில் மாதிரி இருந்தது. உள்ளே உயரத்தில் சாமி மாதிரி ஒருவர். அவர் தலைக்குமேல் ஒரு பெரிய துணி விசிறி, யாரும் தொடாமல் தானாக ஆடியது. அதைப் பார்த்தபடியே தூங்கிப்போயிருப்பேன். அப்பா கூண்டில் ஏறியதும் முழித்துக்கொண்டேன்.

தானியம் கொடுத்தாயா என்று பெரிய வீட்டு வக்கீல் கேட்டார். அப்பா கைகட்டி நின்றார். எதிரில் நாற்காலியில் பெரிய வீட்டு ஐயா உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தேனுங்க," என்றார் அப்பா. "ஆண்டைக்குக் குடுக்காம நான் என்னைக்குங்க வாய்ல வச்சேன்?"

அவ்வளவு சத்தமாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வக்கீல் காகிதக்கட்டை மூடி வைத்துவிட்டார். அது நல்லதுக்கு என்று நினைத்தேன்.

அடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஊரைத் தாண்டி வந்ததே அன்றுதான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூண்டில் நின்றாள். உன் புருசனே ஒப்புக்கொண்டான், நீயும் சொல்லிவிடு, பங்கு கொடுத்தீர்களா இல்லையா என்று அதே வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"குடுத்தோம் சாமி. மொதக் கூடை மாரியாத்தாவுக்கு, ரெண்டாவது ஆண்டை வூட்டுக்கு, மூணாவது எனக்குப் புள்ள பாத்த கெழவிக்கு. ஆத்தா வந்து நெலத்தைக் கேக்கல. நாளைக்கு அந்தக் கெழவி வந்து கேட்டா, அவ பேருக்கு எழுதிக் குடுத்துடுவீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய வீட்டு ஐயா சிரிக்கவில்லை. உயரத்தில் இருந்தவர் பேனாவை எடுத்து, எழுத வேண்டும், இன்னொரு முறை நிதானமாகச் சொல்லம்மா என்றார். அம்மா இன்னொரு முறை சொன்னாள். அந்த முறை குரல் இறங்கிப்போயிருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தையை விடவில்லை, மாற்றவில்லை. படித்த மனுசர்கள் நிறைந்த அந்த இடத்தில் அன்றைக்கு என் அம்மாவைப் போலப் பேசினவர் இல்லை. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தீர்ப்பு இரண்டு மாசம் கழித்து எங்கள் பக்கம் வந்தது. நிலம் நின்றது, இன்றும் நிற்கிறது. ஆனால் என் மனசில் தங்கியிருப்பது தீர்ப்பு நாள் இல்லை. அம்மா பேசிவிட்டு வந்த அன்று நாங்கள் வீடு திரும்பியதுதான்.

ஊர் தெரிகிற இடத்தில் அம்மா கேட்டாள்.

"நாளைக்கு ஏருக்குக் கூப்புடுவாங்களாங்க?"

பெரிய வீட்டுக் களத்தை ஒட்டிப் போகிற வண்டிப்பாதைதான் எங்கள் தெருவுக்குப் போகிற வழி. களத்தில் அந்த வீட்டு ஆட்கள் பாதையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கினார். அம்மா பின்னால் வந்தாள்.

நான் அந்த வழியில் போனதே இல்லை. இரண்டு கரையிலும் ஆவாரம்பூ. முழங்கால் தண்ணீர், அதில் முழு வானமும் கிடந்தது. அப்பா அதை மிதித்து மிதித்து நடந்தார். தும்பிகள் என் காதுவரை வந்து போயின. வெகுதூரம் சுற்றினோம். இன்னும் சுற்றினால் தேவலை என்று இருந்தது.

"நாளைக்கும் இப்படியே வரலாமாப்பா?" என்றேன்.

"இனிமே இப்படித்தான் ஆத்தா," என்றார்.

கோர்ட்டில் நன்றாகப் பேசினவர்களுக்கு இப்படி ஒரு தனி வழி விடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.