படத்துக்கு வெளியே லயல்

மோர்வெல் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ரெக்ஸ், சனிக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கம்பிவேலிக்குள் நுழைந்துவிடுவார். இழுத்து மூடிய மின் நிலையம், ஓடாமல் நிற்கும் காகித ஆலை, எதையும் விட்டுவைத்ததில்லை. இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கென்று சில விதிகள் உண்டு. உள்ளே துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. இடத்தின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. படத்துக்குள் ஆள் வரவே கூடாது. கடைசி விதியை ரெக்ஸ் வேதமாகவே வைத்திருந்தார்.

அவரோடு போக ஊரில் இருந்த ஒரே ஜீவன் வெல்டர் லயல். ஜன்னல்களுக்குப் பலகை அடித்த கூடங்களில் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. ரெக்ஸ் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் கண்ணை நிமிடக்கணக்கில் திறந்துவிடுவார். கறுப்பு உடுப்பு மாட்டிய லயல், டார்ச்சை வீசிக்கொண்டே சுவரோரமாக நடப்பார். நிற்காமல் நடக்கிறவன் படத்தில் விழமாட்டான், வெளிச்சம் மட்டும் விழும். நின்றால் போச்சு, புகைபோல ஓர் உருவம் பதிந்துவிடும்.

"டேய், நிக்காதடா! நட, நட!"

"நடந்துக்கிட்டுதான்டா இருக்கேன். பஸ்ல பசங்கள வெரட்டுற மாதிரி வெரட்டாத."

இந்தக் குளிர்காலத்தில் லயல் மாரடைப்பில் போய்விட்டார். பெர்த்திலிருந்து வந்த அவருடைய அக்கா கிளெனிஸ், நேராக ரெக்ஸ் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"சவப்பெட்டிகிட்ட வைக்க ஒரு படம் வேணும் ரெக்ஸ். என்கிட்ட இருக்கறதெல்லாம் சின்ன வயசுப் படம். லைசென்ஸ்ல ஜெயில்லேர்ந்து தப்பிச்சவன் மாதிரி இருக்கான். எப்பவும் உன்கூடத்தானே சுத்துனான், நீ எடுத்திருப்பியே?"

"தேடித் தர்றேன்" என்றார் ரெக்ஸ்.

தேடினார். டர்பைன்கள், துருப்பிடித்த ஏணிகள், யாரோ விட்டுப்போன ஒற்றை பூட்ஸ். அந்த பூட்ஸுக்குக்கூடப் பல கோணங்களில் படம் இருந்தது. லயலுக்கு ஒன்றுமில்லை.

முன்பு ஒன்று இருந்தது. பழைய கட்டுப்பாட்டு அறையில் குருவிக்கூட்டைப் பார்த்து லயல் நின்றுவிட்ட நாள். படத்தில் மங்கலாகச் சிரித்துக்கொண்டு விழுந்திருந்தார். "பாழாக்கிட்டியேடா!" என்று கத்தி, அவர் கண்ணெதிரிலேயே ரெக்ஸ் அதை அழித்தார். "நல்லாத்தானேடா இருந்தேன்" என்றார் லயல். ரெக்ஸ் சிரிக்கக்கூட இல்லை. அந்த ஒரு படம் திரும்பக் கிடைக்கும் என்றால் மற்ற எல்லாவற்றையும் இப்போது அழித்திருப்பார்.

கடைசியில் மின் நிலையத்து டர்பைன் கூடத்தின் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துப் போனார்.

கிளெனிஸ் பார்த்தாள். "இதுல லயல் எங்க?"

"அந்த வெளிச்சம் பூரா அவன்தான். அவன் நடக்கலேன்னா இது வெறும் கறுப்பு."

அவள் அந்த வெளிச்சத்தை விரலால் தடவினாள். "ஒரே ஒரு தடவ அவன நிக்க விட்டிருக்கக் கூடாதா?"

அடக்கத்தன்று வந்தவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குள் லயலைத் தேடினார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரெக்ஸ் அதே கூடத்துக்குத் தனியாகப் போனார். கேமராவை நிறுத்தி, கண்ணைத் திறந்துவிட்டு, எப்போதும்போல அதன் பக்கத்திலேயே நின்றார். "நடடா" என்றார். இருட்டு அப்படியே இருந்தது. டார்ச் தன் பைக்குள்ளேயே கிடப்பது கேமரா மூடிக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

படம் முழுக்கக் கறுப்பு. அதை அவர் அழிக்கவில்லை.