பன்னிரண்டு பதிவுகளில் நான் வெட்டிய 'ம்'

சுமதி மேடம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏன்ணா, எல்லாரும் நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறாங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். பாராட்டு வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சுத்தம் பண்ணி வச்சிட்டேனுங்க மேடம். இருமல், 'ஆ', 'ம்', சும்மா இருந்த இடம், எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அவர் கடவுளைக் கன்னடத்தில் கூப்பிட்டார். "அய்யோ தேவரே! அதுதானேண்ணா என் தீசிஸ்!"

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மார்டள்ளிக்காரன், கர்நாடக எல்லைக்குள் தமிழ் பேசும் ஊர். ஐந்தாவதுவரை படித்தேன். மைசூரில் ஒரு கல்யாண வீடியோ கடையில் பதினாறு வருடம் எடிட்டிங் செய்தேன். வாழ்த்துரையில் தடுமாற்றம் தெரியாமல் வெட்டினால்தான் அங்கே நல்ல எடிட்டர். பிறகு ஒரு கல்லூரியின் ஆங்கில லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். இது இரண்டாவது மாதம் நடந்தது.

மைசூரில் சாதாரண மக்கள் ஆங்கிலம் பேசும்போது எங்கே தயங்குகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்பது மேடத்தின் ஆராய்ச்சி. பன்னிரண்டு பேரிடம் பேசிப் பதிவு செய்திருந்தார். அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடு, பதிவுகளைக் கேட்கத் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. மூலப் பதிவு இருந்த ரெக்கார்டர் கார்டையும் நான் அழித்திருந்தேன். பேசியவர்களில் இரண்டு பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மறுபடி தொடங்கினால் மேடத்துக்கு ஒரு வருடம் போகும்.

"வெட்டினதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. கல்யாண வீடியோவுல 'என் பேச்சை ஏன்டா வெட்டினே'ன்னு எந்த மாமனாவது சண்டைக்கு வருவாருங்க. அதனால டெலிவரி ஆகுற வரைக்கும் வச்சிருப்போம்."

பதிவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஃபைல்கள். உள்ளே வெறும் மூச்சும் முனகலும் அமைதியும். வெட்டிய வரிசையில்தான் இருந்தன. ஆனால் எது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று குறிப்பு ஏதும் இல்லை.

மூன்று நாள் உட்கார்ந்தோம். வெட்டிய இடத்தில் ஃபேன் சத்தம் லேசாகத் துள்ளும். அந்தத் துள்ளலைப் பிடித்து, அதோடு ஒத்துப்போகும் துண்டை வைத்து ஒட்டுவேன். வார்த்தை சரியாக வருகிறதா என்று மேடம் பார்ப்பார். ஒட்ட ஒட்ட ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். யோசிக்கும்போது வரும் 'ஆ'வுக்கு ஃபில்லர். ஆரம்பித்த வாக்கியத்தைக் கைவிட்டு வேறொன்றைத் தொடங்கினால் ஃபால்ஸ் ஸ்டார்ட். சொன்னதைத் தானே திருத்திக்கொண்டால் ரிப்பேர்.

"ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் 'ம், ம்'ங்கறதுக்குமா பேரு இருக்குதுங்க?"

"இருக்குண்ணா. பேக்-சேனல். நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன், நீங்க பேசுங்கன்னு அர்த்தம்."

"எங்கூட்டுக்காரி போன்ல பூராவும் இதேதானுங்க பேசறா."

அந்த மூன்று நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

எனக்கு ஆங்கிலம் புரியாது. வாயைத் திறக்கத் தயங்கியே நாற்பத்தெட்டு வயதைக் கடந்தவன். அந்தத் தயக்கத்தில் இத்தனை வகை உண்டு, அதை நொடி நொடியாக அளந்து படிக்கிறார்கள் என்பதை நம்பவே முடியவில்லை.

ஒன்பதாவது பதிவு ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவுடையது. 'பிள்ளைகள் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு, நான் வெட்டி வைத்ததில் உடனே 'டூ' என்கிறார். எடுத்ததைத் திரும்ப வைத்தோம். பதினோரு நொடி. ஃபேன் ஓசை, நாற்காலி அசையும் சத்தம், ஒரு நீண்ட மூச்சு. அதற்கப்புறம்தான் 'டூ'. மேடம் மேற்கொண்டு ஓட்டவில்லை. இதை அல்லவா ஒன்றுமில்லை என்று வெட்டியிருந்தேன்.

திங்கட்கிழமை கைடு வந்தார். கொள்ளேகால் பக்கத்துக்காரர், தமிழ் பேசுவார். பதிவுகளை வெட்டி ஒட்டியதை மேடம் சொன்னதும், "வெட்டினது யாரு?" என்று கேட்டார்.

"சார், அது லேப்ல..." என்று மேடம் தொடங்கினார். கைடு கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடை முதலாளியாக இருந்தால் 'சீக்கிரம் சொல்லித் தொலைய்யா' என்றிருப்பார். இவர் காத்திருந்தார். என் பேச்சுக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"நான்தானுங்க சார். திரும்ப ஒட்டினதும் நான்தான். ஏழாவதுல நாலு துண்டுக்கு இடம் தெரியலீங்க. குத்துமதிப்பா ஒட்ட மனசு வரல. தனியா வச்சிருக்கேன்."

அவர் இரண்டு பதிவுகளை முழுதாகக் கேட்டார். "இடம் தெரியாததை ஒட்டாம விட்டீங்களே, அதனாலதான் மத்த பதினொண்ணை நம்பறேன்" என்றார். ஏழாவதைத் தள்ளிவிட்டார். மேடத்தின் வருடம் பிழைத்தது.

பதிவு கையில் வந்ததும் முதலில் காப்பி எடுத்து வையுங்கள். எது வேண்டாதது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், பேசியவரையும் அதை ஆராயப்போகிறவரையும் கேளுங்கள். ஏழாவது பதிவு ஓர் ஆட்டோக்காரருடையது. அந்த நான்கு துண்டுகளும் என்னிடம்தான் இருக்கின்றன. நான்கு முறை அவர் நிறுத்தி மூச்சு விட்டிருக்கிறார். எந்தச் சொல்லுக்கு முன்னால் என்பது இனி யாருக்கும் தெரியாது.