மேனேஜர் என்னைப் புயல் என்றார்

ஓசூரில் காற்றடித்தால் ஜன்னலைத் திறக்கிறார்கள். வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்து வாடகை அறையில் என்னோடு தங்கியிருக்கும் முனிராஜ் சிங்காரப்பேட்டைக்காரன். எதிர்வீட்டு வேப்பமரம் லேசாக அசைந்தாலே எழுந்து போய்த் திறந்துவிடுவான். அடுத்த நிமிடம் நான் போய்ச் சாத்துவேன். "இன்னாடா உனுக்கு? ஜிலுஜிலுன்னு வருது, சாத்திகினே கீற!" என்பான். காற்று வந்தால் சாத்துவதுதான் எங்கள் வேதாரண்யம் பக்கத்து வழக்கம் என்று விளக்கினேன். "அப்போ மூச்சு எப்டிடா உடுவீங்க?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. இங்கே மழைகூடச் சொல்லிவிட்டு வருகிற மாதிரி வந்து, சாலையை நனைத்துவிட்டுப் போகிறது. எங்கள் ஊரில் பெரும் புயல் வந்த ராத்திரி, ஓட்டு வீட்டின் கதவுக்கு முதுகைக் கொடுத்து அப்பா, அம்மா, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம். விடிந்து பார்த்தால் எங்கள் தென்னந்தோப்பு முழுக்க ஒரே திசையில், தலைவாரிவிட்டதுபோலப் படுத்துக் கிடந்தது. அப்பா மரத்துக்கு மரம் தாண்டி, கால் மண்ணில் படாமலே வேலி வரை போய்விட்டுத் திரும்பினார். தோப்பு நின்றிருந்தால் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது விழுந்ததால் பாலிடெக்னிக் முடித்து, வீட்டில் படித்த முதல் ஆளாகி, கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு டிரெய்னியாக வந்தேன். அன்றிலிருந்து அப்பா போனில் கேட்பது ஒரே கேள்வி: "பெர்மனெண்ட் ஆயிடுச்சா தம்பி?"

போன மாசம் அது ஆகிவிடும் என்றுதான் நம்பினேன். பக்கத்து மெஷினில் நின்ற பீகார்க்காரர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு மெஷினையும் நானே ஓட்டினேன். காலை மீட்டிங்கில் பெங்களூரிலிருந்து வந்துபோகும் மேனேஜர், எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டி, "நம்ம ஹுடுகா ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர் கணப்பா!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஹுடுகா என்றால் கன்னடத்தில் பையன் என்று தெரியும்; மீதி இங்கிலீஷுக்குக் கழிவறைக்குப் போய்ப் போனில் அர்த்தம் தேடினேன். புயல், வெள்ளம் போல யாராலும் தடுத்து நிறுத்த முடியாத ஆற்றல் உள்ளவர் என்று போட்டிருந்தது. கண் கலங்கிவிட்டது.

சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டேன். "புயல் மாதிரி, வெள்ளம் மாதிரி ஆளுன்னு அர்த்தம்மா" என்றேன். அம்மா மெதுவாகக் கேட்டாள்: "நீ அவங்களுக்கு என்னடா கெடுதல் பண்ணுன?" பாராட்டுதான் என்று சொல்லிப் பார்த்தேன். "போயி மன்னிப்புக் கேட்டுடு தம்பி, வேலைய விட்டுத் தூக்கிறப் போறாங்க" என்றாள்.

நேற்றுக் கடிதம் வந்தது. டிரெய்னி காலம் இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு. இரண்டாவது மெஷினும் முறைப்படி என் பெயரில். அதற்கு வேறு ஆள் எடுப்பதாக இல்லை. மேனேஜரிடம் போய் நின்றேன். "உன்னை எல்லாம் யார் ஸ்டாப் பண்ண முடியும்? பெர்மனெண்ட் எல்லாம் வெறும் பேப்பரப்பா" என்று சிரித்தார். தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ராத்திரி போனில் அப்பாவிடம் சொன்னேன். "புயலப் போயி யாருப்பா பெர்மனெண்டா வச்சுக்குவா? அடிச்சமா, போனமான்னு இருக்கணும்னுதான் நெனப்பாங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. "அடுத்த தடவ, நான் சாதாரண மனுசந்தான் சார்னு சொல்லிப் பாரு."

அம்மா போனை வாங்கினாள். "அங்க என்னடா உய்யுன்னு சத்தம்? சன்னலச் சாத்து மொதல்ல." நான் எழுந்து போய் ஜன்னல் கதவைப் பிடித்தேன். பாயில் படுத்திருந்த முனிராஜ் கண்ணைத் திறக்காமலே, "டேய், சாத்தாத, புழுக்கமா கீது" என்றான். "சாத்திட்டேம்மா" என்றேன் போனில். "தொறந்துதான் கீதுடா" என்றேன் இவனிடம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கதவை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். காற்று அதை உள்ளே தள்ளிற்று, வெளியே இழுத்தது.