பயணத்துக்கு முந்தின நாள்

தோஹாவில் நஜ்மா பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களின் பிள்ளைகளைச் சீனாவுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பி வைப்பது தொழில். பெற்றோரிடம் பேசிச் சம்மதிக்க வைப்பது முதலாளியின் வேலை. பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற தலைவலி எல்லாம் என்னுடையது. என் மேசையில் ‘மாணவர் உதவி’ என்று ஒரு பலகை வைத்திருந்தார்கள். எனக்குச் சீன மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. போகிற பிள்ளைகளுக்கும் தெரியாது.

உதவி என்பது பெரும்பாலும் தொலைபேசிதான். அங்கே வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. வகுப்பறைக்கு வெளியே கால் வைத்தால் எல்லாம் சீனம். பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனைக் கண் டாக்டர் முன்னால் உட்கார வைத்திருப்பார்கள். அவன் அங்கிருந்தே எனக்குப் போன் அடிப்பான். நான் நான்காம் வருடம் படிக்கும் ஒரு தமிழ்ப் பையனைப் பிடிப்பேன். அவன் சீனம் நன்றாகப் பேசுவான். டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவன் பேச, எல்லாம் சரியாகும். இதைத்தான் விளம்பரத்தில் இருபத்து நான்கு மணி நேரச் சேவை என்று போட்டிருந்தோம். அந்தப் பையனைத் தவிர அங்கே எங்களுக்காக வேலை பார்த்த இன்னொருவன், ஆங்கிலம் தெரிந்த ஒரு சீன இளைஞன். கல்லூரி அருகே ஒரு அறையை அலுவலகமாக வைத்துக்கொண்டு, சேர்க்கை, விடுதி, போலீஸ் பதிவு எல்லாம் அவன்தான் பார்த்தான்.

போகும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் ஒரு தாள் கொடுப்பேன். நானே உட்கார்ந்து யோசித்து எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதன் முதல் குறிப்பு: இறங்கியதும் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் ஒப்படைக்கவும், நகலை மட்டும் கையில் வைத்துக்கொள்ளவும். ஏன் அப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. வளைகுடாவில் எங்களைப் போன்றவர்களின் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில்தான் இருக்கும். லீவு கிடைத்தால், ஊருக்குப் போகிற முந்தின நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். வந்த நாளிலிருந்து இதையே பார்த்துப் பழகியவனுக்கு உலகம் முழுக்க இப்படித்தான் என்று தோன்றிவிடும்.

அந்தச் சீன இளைஞன் ஒருமுறை மெயில் போட்டான். பதிவு வேலை முடிந்துவிட்டது, பிள்ளைகள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளலாம், ஏன் யாருமே வாங்க வரவில்லை என்று கேட்டிருந்தான். விவரம் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடமே இருக்கட்டும், அதுதான் பாதுகாப்பு என்று பதில் எழுதினேன்.

ஒரு வருடம் ஆகஸ்ட் நடுவில் போன பிள்ளைகளில் ஒரு பெண் இருந்தாள். அப்பா தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பெண் பிறந்தது, பள்ளிக்கூடம் படித்தது எல்லாம் தோஹாவில். ஊர் அவளுக்குக் கோடை விடுமுறையில் கொசுக்கடி வாங்கப் போகிற இடம், அவ்வளவுதான். அவள் அப்பா என் தாளை வரி விடாமல் படித்தார்.

“இது ரொம்ப கரெக்ட்டுங்க தம்பி. பொம்பளப் புள்ள, பாஸ்போர்ட்ட கையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சா எங்கயாச்சும் தொலச்சுப்புடும்.”

அவருடைய கவலை வேறொன்று. அப்பாவின் பொறுப்பில் குடியிருக்கும் பிள்ளை ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா ரத்தாகிவிடும். ரத்தானால் அவருக்குப் புதிதாக எடுக்க வழியில்லை. குடும்ப விசாவுக்கான விதிகள் மாறி, அவருடைய வேலைக்கு இப்போது அது கிடைக்காது. பழைய விசாவை அறுந்து போகாமல் புதுப்பித்துத்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். பரீட்சை எல்லாம் முடிந்து விடுமுறையில் கிளம்புகிற மாதிரி, ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது வந்து இறங்க டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் போன் செய்தாள்.

“அங்கிள், ஆஃபீஸ் லாக் பண்ணியிருக்கு. யாருமே இல்ல.”

“ஆஃபீஸ்ல உனக்கு என்னம்மா வேலை?”

“பாஸ்போர்ட் வாங்க வந்தேன். நாளைக்கு ஃப்ளைட்.”

“இத்தன நாளா வாங்காம என்ன பண்ணுன?”

“ட்ராவலுக்கு முந்தின நாள்தானே குடுப்பாங்க? அப்பாக்கு எப்பவும் அப்படித்தானே?”

அங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, அந்தச் சீன இளைஞனைக் கூப்பிட்டேன்.

சீனப் புத்தாண்டு தொடங்கியிருந்தது. நாடே கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் சீன இளைஞனின் ஊருக்கு இரண்டு நாள் ரயில் பயணம். அவன் போன் அணைந்திருந்தது. சீனம் பேசும் தமிழ்ப் பையனும் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டான்; என்னிடம் இருந்த அவனுடைய சீன எண் அங்கே வேலை செய்யவில்லை. அந்தக் கட்டடத்தில் மிச்சம் இருந்தவர் காவலாளி ஒருவர். அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் பேசினேன். பிறகு இந்தியில் பேசினேன்; பேச்சு புரியாத ஆளிடம் இந்தியில் பேசிப் பார்ப்பது இங்கே எல்லாருக்கும் உள்ள வியாதி. கடைசியில் இரண்டு வார்த்தை அரபியும் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவளிடமே போனைத் திருப்பிக் கொடுத்தார். அவளுக்கு வெந்நீரும் ஒரு கை நிலக்கடலையும் கொடுத்து உட்கார வைத்தார்.

எங்கள் தெருவின் முனையில் ஒரு சீன அம்மாள் பெட்டிக்கடை போட்டிருந்தாள், பயணப் பெட்டிகள் விற்கிற கடை. தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அத்தனை நாளும் ஒரு பிள்ளைக்காகவும் அவளிடம் போய் நின்றதில்லை. அன்றைக்கு ஓடினேன். அவள் என் போனில் காவலாளியிடம் பேசிவிட்டு, அறைச் சாவி அவரிடம் இருக்கிறது, பாஸ்போர்ட் வைத்திருக்கும் அலமாரியின் சாவி அவரிடம் இல்லை என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அலமாரியை உடைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். காவலாளி மறுத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

விமானம் போனது. அவள் தினமும் போய் அந்தக் காவலாளி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவள் அப்பா தினமும் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள்தான் அந்த இளைஞன் போனைத் திறந்து, நான் விட்டிருந்த செய்திகளைக் கேட்டான். பண்டிகையைப் பாதியில் விட்டுவிட்டு, கூட்டத்தில் நின்றுகொண்டே ரயிலில் வந்து, பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான். அவன் குரலில் கோபம் இல்லை.

“நான் அப்போதே உங்களைக் கேட்டேனே” என்றான் ஆங்கிலத்தில்.

ஆமாம், கேட்டாய், தப்பு என்னுடையது என்றேன். ஆறு மாதம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. விசா ரத்தாகிவிட்டதால் அவள் விடுதியிலேயே தங்கிவிட்டாள்.

தோஹாவில் குடியேற்ற அலுவலகத்துக்கு அவள் அப்பாவோடு நானும் போனேன். கல்லூரிக் கடிதம், டிக்கெட் நகல் எல்லாம் வைத்திருந்தோம். கவுன்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு “கலாஸ்” என்றார், முடிந்துபோனது என்று அர்த்தம். மறுபடியும் இரண்டு தடவை போனோம், வேறு ஆட்கள், அதே பதில். வெளியே வந்து காரில் ஏறும்போது அவள் அப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீ சாப்பிடலாமா என்று கேட்டார். இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

அலுவலகம் வந்ததும் தாளில் முதல் குறிப்பை அடித்து நீக்கினேன். எல்லாப் பிள்ளைகளும் பாஸ்போர்ட்டை உடனே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மெயில் போட்டேன். சில பெற்றோர் போன் செய்து, அதெப்படிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம் என்று சண்டை போட்டார்கள்.

கோடை விடுமுறை வந்தது. அவள் அப்பாவும் நானும் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் டைப்பிங் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்தவர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாய்.

“யாருக்குண்ணே விசிட் விசா?”

“மகளுக்குங்க.”

“பொறந்த ஊரு?”

“தோஹா.”

பாய் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

“எத்தன நாளைக்குப் போடணும்?”

“எம்புட்டுக் குடுப்பாங்க?”

“ஒரு மாசம்ணே.”

அவள் அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“முப்பத்தொண்ணு வர்ற மாசமாப் பாத்துப் போட முடியுங்களா?” என்று கேட்டார்.