மழை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?

மழை கொட்டும்போது, ஒதுங்க இடம் இருந்தும், வேண்டுமென்றே போய் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் உட்கார்ந்தேன். போன மாதம், எங்கள் தீவில், சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட் வரும் படகில். பக்கத்தில் என் மகள் அபி. இரண்டு பேருக்கும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது — குளிரில் அல்ல.

அபியின் ஹாஸ்டல் சாப்பாட்டுப் புராணம் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: அவள் சென்னையில் ஆர்க்கிடெக்சர் நான்காம் வருஷம். அந்தப் படிப்பில் 'டிசைன் ஸ்டூடியோ' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு கட்டடத்தை யோசித்து, வரைந்து, அட்டையில் மாடல் செய்து, கடைசியில் சில பெரியவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். அதற்குப் பெயர் ஜூரி. கோர்ட்டிலாவது குற்றவாளிக்கு ஒரு வக்கீல் கொடுப்பார்கள்... இங்கே அதுவும் கிடையாது.

ஜூரிக்கு முந்தின நாள் அபி சாப்பிட மாட்டாள். போனில் பாதிக் குரல்தான் வரும். நான் இங்கே, கடலுக்கு இந்தப் பக்கம், போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுவேன். மெயின்லேண்டில் பிள்ளையைப் படிக்க வைக்கும் தீவுக்காரர்கள் எல்லோருக்கும் இந்தத் தவிப்பு தெரியும். நினைத்தவுடன் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடியுமா?

முதல் வருஷம் சங்கு மாதிரி ஒரு வீடு செய்தாள். அப்புறம் அலை மாதிரிக் கூரையோடு ஒரு லைப்ரரி. எல்லாமே வானத்திலிருந்து பார்த்த படங்களாகத்தான் எனக்கு வரும். அழகாக இருக்கும். மூன்றாம் வருஷ ஜூரியில் ஒரு அம்மையார், "கூரை ரொம்ப அழகு. யார் பார்க்கறதுக்கு, பருந்தா?" என்று கேட்டாராம். அறையே சிரித்திருக்கிறது.

அன்றிலிருந்து வெள்ளைத் தாளைக் கண்டாலே அவளுக்குப் பயம். பயந்துபோன பிள்ளை என்ன செய்யும்? ஏற்கெனவே நாலு பேர் பாராட்டிய கட்டடங்களைத் தேடிப் பிடித்து, இங்கே கொஞ்சம் வளைத்து, அங்கே கொஞ்சம் நீட்டி... பத்திரமாக வரைய ஆரம்பித்தாள்.

இந்த செமஸ்டர், சொந்த ஊரில் ஜனங்கள் கூடும் ஓர் இடத்தை வடிவமைக்கச் சொன்னார்கள். அபி எங்கள் பாம்பூஃப்ளாட் படகுத்துறையை, இங்கே சொல்வதுபோல் ஜெட்டியை, எடுத்துக்கொண்டாள். படகுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கூடம். இடத்தைப் பார்க்க மழைக்காலத்தில் வீட்டுக்கு வந்தவள், தினமும் நான் ஆபீஸ் போகும் படகிலேயே வந்தாள். அளந்தாள், போட்டோ எடுத்தாள். வரைந்தும் முடித்துவிட்டாள். கரையில் தாழ்வாகத் தொடங்கி, இறக்கை மாதிரி உயர்ந்து, தண்ணீருக்கு மேல் நீண்டு நிற்கும் கூரை. அதன் கீழே, ஜெட்டியின் விளிம்பில், நீளமான பெஞ்சு. உட்கார்ந்தால் முழுத் துறைமுகமும் தெரியும். நான் ஆபீஸில் ஒருவர் விடாமல் காட்டினேன்.

அந்தச் சாயங்காலம் படகு சாத்தாமை விட்டுக் கிளம்பும்போது தூறல்கூட இல்லை. நான் இடதுபக்கம், கம்பியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அபி நடுவில் நின்றிருந்தாள். நடுத்துறைமுகத்துக்கு வந்திருப்போம். வலதுபக்க வானம் கறுத்தது. எதிரே இருந்த மலை காணாமல் போனது. அடுத்த நிமிஷம் காற்று அறைந்தது.

வலதுபக்கத் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு படபடத்தது. மழை குறுக்காக, ஊசி ஊசியாக உள்ளே பாய்ந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து என் பக்கம் ஓடி வந்தார்கள். படகு சாய்ந்தது.

சும்மா ஆடுவது வேறு. சாய்ந்து, அப்படியே நின்றுவிடுவது வேறு. முதுகில் கூட்டம் நெருக்க, என் மார்பு கம்பியில் அழுந்தியது. கைக்கெட்டும் தூரத்தில் கடல். ஓர் அலை உள்ளே எட்டிப் பார்த்து, என் ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு போனது. தீவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், நீச்சல் தெரியாது. அபிக்கும் தெரியாது. அவளையாவது கற்றுக்கொள்ள அனுப்பாமல் விட்டோமே என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

படகு ஊழியர் மேலே கட்டியிருந்த லைஃப் ஜாக்கெட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டே, "ஏக் தரஃப் மத் ஜாவோ, உதர் பைட்டோ" என்று கத்தினார். ஒரே பக்கம் சேராதீர்கள், அந்தப் பக்கம் போய் உட்காருங்கள் என்கிறார். எல்லோருக்கும் காதில் விழுந்தது. ஒருவர்கூட அசையவில்லை. அந்தப் பக்கம் அப்படி அடிக்கிறதே மழை, யார் போவார்கள்?

அபி போனாள்.

நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மேடாகிவிட்ட அந்தப் பலகையில் ஏறி, காலியான பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை முகத்தில் அறைந்தது. உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது அவளுக்கு. "அம்மா, இந்தப் பக்கம் வா," என்றாள். "கம்பிய விட்டுட்டு வாம்மா."

போவதென்றால் பிடித்திருந்த கம்பியை விட வேண்டும். விரல்கள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன். கூட்டத்தில் முட்டி மோதி, தவழ்ந்து போய் அவள் பக்கத்தில் விழுந்தேன். அபி அழுதுகொண்டே மற்றவர்களைக் கூப்பிட்டாள் — "ஆயியே, இதர் ஆயியே." காய்கறி விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெங்காலி அம்மா, நாங்கள் மாசி என்று கூப்பிடுவோம், முதலில் வந்தார். அவர் பின்னால் ஒரு கணவன் மனைவி. அப்புறம் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல. படகு முனகிக்கொண்டே மெதுவாக நிமிர்ந்தது. ஓட்டுநர் காற்றுக்கு நேராக முகப்பைத் திருப்பினார். பாம்பூஃப்ளாட் விளக்குகள் தெரியும்வரை யாரும் பக்கம் மாறவில்லை. மாசி அபியின் கையைப் பிடித்தபடியே இருந்தார்.

வீட்டுக்கு வந்து, வேறொரு தீவில், ரங்கத்தில் வேலையாக இருக்கும் என் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "குடை கொண்டு போகலையா?" என்றார். அவருக்கும் பயம். சிலருக்குப் பயம் அப்படித்தான் வெளியே வரும்.

அபி தலைகூடத் துவட்டாமல் தன் டிராயிங்கைத் தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் படு என்றேன்.

"அம்மா, பயந்தவங்க எங்க கூரை இருக்கோ அங்கதான் ஓடுறாங்க," என்றாள். "என் ஜெட்டியில நல்ல கூரை எங்க இருக்கு பாரு."

பார்த்தேன். தண்ணீர் விளிம்பில்.

"மழை அடிச்சா எல்லாரையும் நானே கூட்டிட்டுப் போய் கடலோரத்துல நிறுத்துறேன்."

படகில் வந்ததைவிடப் பெரிய பயம் எனக்கு அப்போது வந்தது. அந்தப் படத்தைத்தானே ஆபீஸ் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டேன்?

அவள் அதைக் கிழிக்கவில்லை. சுருட்டி பீரோ மேலே போட்டாள். மீதி நாட்களில் மழை வந்தபோதெல்லாம் ஜெட்டிக்குப் போய் நின்று, யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்தாள். புதுத் தாளில் முதலில் சுவர் வரையவில்லை, கூரை வரையவில்லை. புள்ளி புள்ளியாக ஆட்களை வைத்தாள். வீட்டில் என்னையும் விடவில்லை. இடுப்பில் குழந்தை, கையில் பை, காற்று இந்தப் பக்கம், ஓடு என்பாள். நான் எங்கள் ஹாலில் தலையணையை இடுக்கிக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

புதுக் கூடத்தில் அகலமான கூரை தண்ணீர் விளிம்பை விட்டுத் தள்ளி, கரைப்பக்கம் நடுவில் இருக்கிறது. விளிம்பில் ஒதுங்கவே இடமில்லை. பார்க்க மார்க்கெட் ஷெட் மாதிரிதான் இருக்கிறது. ஜூரியிலும் அதையே சொன்னார்களாம். அபி படகுக் கதையைச் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒருவர், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வார்களே என்று கேட்க, இவள் அந்த இடத்திலேயே வாசலைப் பென்சிலால் வட்டமிட்டாளாம். மார்க் சுமார். வாசலைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பயமா இருந்துச்சா என்று போனில் கேட்டேன்.

"இருந்துச்சும்மா. கூடையோட வர்றவங்க அந்த வாசல்ல நசுங்கிட்டா என்ன பண்றது?"

நான் இப்போதும் தினமும் அதே படகில்தான் போகிறேன். ஏறுமுன் வானத்தைப் பார்க்கிறேன். ஏறினால் நடுவில் உட்காருகிறேன். ஜூரிக்குப் பயந்தவள் இப்போது ஜனங்களுக்காகப் பயப்படுகிறாள். எனக்கு அது முன்னேற்றமாகத்தான் தெரிகிறது.

புதிதாக வீடு கட்டப்போகிறவர்களே... வாஸ்து பார்க்கிறீர்கள், சரி — அப்படியே ஒரு தடவை பயந்தும் பார்த்துவிடுங்கள்.