மிலானில் தீட்டிய சிவப்பு

சம்பளம் கொடுத்து உட்கார வைக்கிற வேலையும் உலகத்தில் உண்டு என்பதை நம்ப, மிலானுக்கு வந்த புதிதில் எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. ஊரில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். நான் வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்ட இத்தாலிய அம்மாவுக்கு, சிஞ்ஞோராவுக்கு, எண்பதை நெருங்கும் வயது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து ஆயில் பாஸ்டல் வண்ணக் குச்சிப் பெட்டியைத் திறப்பார். தனியாக வரைந்தால் தூக்கம் வருகிறதாம். அதனால் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு நானும் எதிரே உட்கார வேண்டும். வீடு, மரம், பூ எதுவும் கூடாது. "கோலோரே" என்பார். வெறும் நிறம் போதும். ஒரு நிறத்தை அழுத்தித் தேய்த்து, அதன் மேல் இன்னொன்றைப் பூசி, விரலால் இழைத்து, பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் அடியில் கிடப்பது கோடாகத் தலைகாட்டும்.

நான் பிறந்தது இலங்கையில், தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பள்ளிக்கூடத்தில் ஒரு தரம் மரம் வரையச் சொன்னார்கள். ரப்பர் இலை உதிரும் முன்பு சிவக்கும். சிவப்பாகவே தீட்டிக் கொடுத்தேன். தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்த வாத்தியார், "இலைன்னா பச்சைதான்" என்று குறுக்கே கோடு போட்டார். அதுவும் சிவப்பு மையில். அத்துடன் என் சித்திர வாழ்க்கை முடிந்தது என்றே இருந்தேன்.

சிஞ்ஞோராவுக்குப் பிடித்தது நீலம். சிவப்புக் குச்சி வீணாகக் கிடக்கிறதே என்று ஒரு நாள் பெரிய தாள் முழுக்க அதையே தேய்த்தேன். நடுவில் கொஞ்சம் கறுப்பு, ஓரத்தில் பச்சை. காப்பி குடிக்க வந்த அவருடைய சிநேகிதிகள் இருவர் அதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். இது என்ன என்று ஒருத்தி கேட்டாள். "நியென்தே" என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். வெறுமையையே வரைந்திருக்கிறாள் என்று அவள் மார்பில் கை வைத்தாள். மற்றவள் என் தோளைத் தொட்டு, "குவெர்ரா" என்றாள். யுத்தம். உன் நாட்டின் இரத்தம், காடு. நானோ யுத்தத்தை டெலிவிஷனில் மட்டுமே பார்த்தவள். மறுத்துச் சொல்ல எனக்கு மொழி போதவில்லை. தவிர, கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு அனுப்பு, வீட்டில் பெருமைப்படுவார்கள் என்று சிஞ்ஞோரா பிடிவாதம் பிடித்தார். விடுமுறையில் போன, எங்கள் ஊர்ப் பக்கத்து ருவான்வெல்லைப் பெண் ஒருத்தியிடம் படத்தைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுக் கொடுத்துவிட்டேன். கொழும்பில் அதை வாங்கிக்கொண்டு என் தம்பி லோகு பஸ் ஏறினான். வடக்கே வன்னியில் சண்டை முற்றியிருந்த நேரம். அவிசாவளைக்கு முன்பே ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், கையில் நீளக் குழாய். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது.

மறுநாள் போனில் சொன்னான்.

"ஆமிக்காரன் விரிச்சுப் பாத்துட்டு, 'மே மொகத'ன்னு கேட்டான் அக்கா. இது என்னான்னு எனக்கே தெரியல, நான் என்னாத்த சொல்றது? ஏதாச்சும் எடத்தோட மேப்பான்னான். பச்சை எந்த எடம், கறுப்பு எந்த எடம்னு கேக்குறான். இன்னொரு ஆமிக்காரனையும் கூப்பிட்டான்."

"பொறகு?"

"எங்க அக்கா புள்ள கிறுக்குனது சேர்னு சிங்களத்துல சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. அவன் வீட்டு சின்னப்புள்ளயும் இப்பிடித்தான் பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் நாசம் பண்ணுதாம். அவனே சுருட்டிக் குடுத்தான்."

கலியாணமாகாத எனக்கு இப்படியாக ஒரு பிள்ளை பிறந்தது. மிலானில் என் துயரத்தின் ஆழமாகத் தெரிந்தது, சோதனைச் சாவடியில் வெறும் கிறுக்கலாக இறங்கியதால்தான் தம்பி வீடு வந்து சேர்ந்தான். சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"அதைக் கிழிச்சுப் போட்ருடா" என்றேன்.

"எதுக்கு? சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியாச்சு. லயத்துல எல்லாரும் வந்து பாக்குறாங்க. அக்கா இருக்கற ஊரு இப்பிடித்தான் இருக்குமான்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"ஆமான்னுட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சாம்பல் நிறப் பனிமூட்டம், டிராம் கம்பி, எதிர்வீட்டு மூடிய கதவுகள். சிவப்பு ஒரு பொட்டும் இல்லை.

"சரி, அப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.